உரிமம் செல்லாத வாசல்கள்: டெக்சாஸில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் தமிழர்களுக்கு

டாலஸ் பகுதியில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். துப்பாக்கி தொடர்பாக என்னிடம் வரும் தமிழர்களில் பெரும்பாலோர் யாரையும் சுட்டவர்கள் அல்லர், மிரட்டியவர்களும் அல்லர். சட்டப்படி வாங்கி, வகுப்பில் உட்கார்ந்து, எழுத்துத் தேர்வும் சுடும் தேர்வும் முடித்து, மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை தந்த உரிமத்தைப் பர்சில் வைத்திருப்பவர்கள். நுழையக்கூடாத கதவு வழியாக நுழைந்ததுதான் அவர்கள் செய்தது. "லைசென்ஸ் இருக்கிறதே சார், பிறகு என்ன?" என்பதுதான் அநேகமாக அவர்களுடைய முதல் கேள்வி.

அந்த உரிமம் டெக்சாஸ் மாநிலம் தந்தது. நீங்கள் நிற்கும் தரை யாருடைய சட்டத்துக்கு உட்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு மதிப்பு. மாநிலமே சில வாசல்களில் அதைச் செல்லாது என்கிறது. மத்திய அரசின் கட்டடத்துக்குள் அதற்கு வேலையே இல்லை. குடியேற்ற அதிகாரியோ அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

முதலில் நம்மவர்களுக்கு மிகவும் பழக்கமான இடம். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பலவும் அரசுப் பள்ளிக் கட்டடங்களை வாடகைக்கு எடுத்துத்தான் நடக்கின்றன. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் உயர்நிலைப் பள்ளி அரங்கத்தில் நடப்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமைதானே, பள்ளி விடுமுறைதானே என்று நினைக்கிறார்கள். டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 46.03ஆம் பிரிவு கிழமை பார்ப்பதில்லை. பள்ளிக் கட்டடம் விடுமுறை நாளிலும் பள்ளிக் கட்டடமே. பள்ளியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் இடுப்பில் துப்பாக்கியோடு உள்ளே போவது மூன்றாம் நிலைப் பெருங்குற்றம்: 2 முதல் 10 ஆண்டு சிறை, 10,000 டாலர் வரை அபராதம். வேண்டுமென்றே கொண்டுபோயிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தெரிந்தும் பொருட்படுத்தாமல் இருந்தாலே போதும். பள்ளி தன் பொறுப்பில் நிகழ்ச்சி நடத்தும் வேறு இடங்களும், பள்ளி மாணவர்களை ஏற்றிச்செல்லும் வாகனமும் இதில் அடங்கும்.

ஆனால் 'வளாகம்' என்று சட்டம் சொல்வது கட்டடத்தை அல்லது கட்டடத்தின் ஒரு பகுதியை மட்டுமே. வாகன நிறுத்துமிடமும் நடைபாதையும் அதில் சேரா. ஆகவே உரிமம் உள்ளவர் பிள்ளையைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பலாம். கையெழுத்துப் போட உள்ளே போகவேண்டியிருந்தால் ஆயுதம் பூட்டிய காரில் இருக்கட்டும்.

2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதுமற்ற எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி ஏந்தலாம் என்று டெக்சாஸ் சட்டம் மாறிவிட்டது. அப்படியானால் உரிமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் பள்ளியில்தான் இருக்கிறது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. 1990இல் வந்த அந்தச் சட்டத்தை, சான் அன்டோனியோ பள்ளி ஒன்றில் பிடிபட்ட மாணவரின் வழக்கில் 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைத் திருத்தி உயிர்ப்பித்துவிட்டது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு இதில் விலக்கு உண்டு. உரிமம் இல்லாதவர் தோட்டா நிரப்பிய துப்பாக்கியுடன் பள்ளித் தெருவில் காரோட்டிச் செல்வதே சிக்கல்.

இனி அறிவிப்புப் பலகைகள். கடை, அலுவலகம், கோயில், தேவாலயம் என்று எந்தத் தனியார் இடமும் உரிமதாரரை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லலாம். மறைத்து ஏந்துபவருக்கு 30.06 பலகை, வெளித்தெரிய ஏந்துபவருக்கு 30.07 பலகை. எண்கள் தண்டனைச் சட்டப் பிரிவுகளுடையவை. சட்டம் தந்த வாசகம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்துகளில், பின்னணியிலிருந்து தனித்துத் தெரியும் நிறத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கவேண்டும். வாசலில் துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு மட்டும் போட்டிருந்தால் அது உரிமதாரரைக் கட்டுப்படுத்தும் 30.06 அறிவிப்பு ஆகாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவார்கள். சரிதான். ஆனால் கடைக்காரர் வாய்விட்டு "வெளியே போங்கள்" என்று சொன்ன நொடியில் அந்த வாதம் முடிந்துவிடும். பலகையை மீறினால் 200 டாலர் வரை அபராதம். வாயால் சொல்லியும் போகாமல் நின்று சட்டம் பேசினால் 'ஏ' பிரிவுச் சிறுகுற்றம்: ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். சட்டம் தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுகிறார்கள்.

அரசுக்குச் சொந்தமான இடத்தில், சட்டம் தடைசெய்யாதபோது, இப்படிப் பலகை மாட்டினால் மாட்டிய அலுவலகத்துக்கே அபராதம் விதிக்கலாம் என்று 2015இல் ஒரு சட்டம் வந்தது. அதை மட்டும் நம்பி நடக்காதீர்கள். டாலஸ் நகருக்குச் சொந்தமான ஃபேர் பார்க்கில் நடக்கும் மாநிலப் பொருட்காட்சியில் 2023இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த ஆண்டு அதை நடத்தும் தனியார் அமைப்பு உரிமதாரர்களின் துப்பாக்கிக்கும் தடை போட்டது. மாநில அட்டர்னி ஜெனரல் நீதிமன்றம் போனார். டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைக்க மறுத்துவிட்டது. மக்கள் ஆயுதத்தைக் காரில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

மது விற்கும் இடங்களில் இரண்டு பலகைகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். பெரிய சிவப்பு எழுத்தில் '51%' என்றிருந்தால், அந்த இடத்தின் வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது என்று பொருள். அங்கே உரிமதாரரும் துப்பாக்கியோடு நுழையக்கூடாது. நீங்கள் எலுமிச்சைச் சாறு மட்டும் குடித்தாலும் அது பெருங்குற்றமே. நீல நிறப் பலகை உரிமம் இல்லாதவர்களுக்கான எச்சரிக்கை. தோசையோடு பீரும் விற்கும் நம் உணவகங்களில் பொதுவாக இருப்பது அதுதான். எது எந்த வகை என்பதை முடிவுசெய்வது மாநில மதுபான ஆணையம். உள்ளே எத்தனை மேசையில் பாட்டில் தெரிகிறது என்று நீங்கள் எண்ணிப் பார்ப்பது உதவாது. குடித்துப் போதையில் ஏந்துவது தனிக் குற்றம்.

நிரந்தரமில்லாத தடைகளும் உண்டு. வாக்குச்சாவடியில் தேர்தல் நாளில் மட்டுமல்ல, முன்கூட்டிய வாக்குப்பதிவு நடக்கும் நாட்களிலும் தடை. டெக்சாஸில் அது வழக்கமாகத் தேர்தலுக்கு 17 நாள் முன்பு தொடங்குகிறது. நேற்றுவரை நீங்கள் தாராளமாகப் போய்வந்த நூலகம் இன்று வாக்குச்சாவடியாகியிருக்கும். நீங்கள் குடியுரிமை இல்லாதவராக இருந்தால் தேர்தல் தேதியே உங்கள் மனதில் இருக்காது. புத்தகம் திருப்பிக் கொடுக்கத்தான் போவீர்கள். பள்ளி, கல்லூரி, தொழில்முறை விளையாட்டுப் போட்டி நடக்கும் அரங்கமும் இதே வகை. நீதிமன்றம், சிறை, குதிரைப் பந்தயத் திடல், மருத்துவமனை, முதியோர் இல்லம், கேளிக்கைப் பூங்கா ஆகியவையும் சட்டத்தில் பெயர் சொல்லப்பட்டவை. அவற்றைப் பற்றி யாரும் என்னிடம் ஆச்சரியப்படுவதில்லை.

விமான நிலையம் வேறு கதை. 2023இல் நாடு முழுவதும் சோதனைச் சாவடிகளில் பிடிபட்டவை 6,737 துப்பாக்கிகள். அதில் டாலஸ் ஃபோர்ட் வொர்த்தில் மட்டும் 378. பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. "பையில் இருந்ததை மறந்துவிட்டேன்" என்பதுதான் எல்லோரும் சொல்வது, பெரும்பாலும் அது உண்மையும்கூட. உரிமதாரர் சோதனையில் துப்பாக்கி இருப்பதாகச் சொல்லப்பட்டவுடன் உடனே வெளியேறினால் அதை எதிர்வாதமாக வைக்க 2015 முதல் டெக்சாஸ் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது மாநில வழக்குக்கு மட்டும். விமானப் பயணிகளைச் சோதிக்கும் மத்திய அரசு அமைப்பான டி.எஸ்.ஏ. தனியாக ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் விதிக்கும். விரைவுச் சோதனைச் சலுகையும் போகும். கொண்டுபோக வேண்டுமென்றால் தோட்டாவை நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, விமான நிறுவனக் கவுன்டரில் சொல்லிச் சரக்குப் பெட்டியாக அனுப்பவேண்டும்.

மத்திய அரசின் கட்டடங்களில் மாநில உரிமம் வெறும் அட்டை. சமூகப் பாதுகாப்பு அலுவலகமும், குடியுரிமை நேர்காணல் நடக்கும் குடியேற்ற அலுவலகமும் வாடகைக் கட்டடத்தில் இருந்தாலும் தடைதான். தபால் நிலையத்தின் விதி இன்னும் கடுமை, அதன் வாகன நிறுத்துமிடத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. இந்தத் தபால் நிலையத் தடை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் புளோரிடாவில் ஒரு நீதிபதியும், 2025 செப்டம்பரில் வடக்கு டெக்சாஸில் ஒரு நீதிபதியும் இது அரசியலமைப்புக்கு முரண் என்றனர். டெக்சாஸ் தீர்ப்பின் பாதுகாப்பு வழக்குத் தொடுத்தவர்களுக்கும் அவர்கள் அமைப்பின் உறுப்பினர்களுக்கும்தான். செய்தித் தலைப்பைப் படித்துவிட்டு இடுப்பில் துப்பாக்கியுடன் தபால்தலை வாங்கப் போகாதீர்கள். தேசியப் பூங்காக்களில் 2010 முதல் மாநிலச் சட்டமே பொருந்துகிறது, ஆனால் பூங்காவுக்குள் இருக்கும் பார்வையாளர் மையம் மத்திய அரசுக் கட்டடம். டாலஸைச் சுற்றியுள்ள ஏரிகள் சிலவற்றை ராணுவப் பொறியாளர் படை நிர்வகிக்கிறது. அங்கே அவர்களுக்கென்று தனி விதி உண்டு, போகுமுன் பாருங்கள்.

இத்தனை தண்டனையும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவருக்குப் போலவே கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் உண்டு. அவருக்கு இன்னொன்றும் உண்டு. சட்டத்துக்கு மாறாகத் துப்பாக்கியை வாங்கியதற்கோ, வைத்திருந்ததற்கோ, ஏந்தியதற்கோ எந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டாலும் நாடுகடத்தலாம் என்கிறது குடியேற்றச் சட்டம். பெருங்குற்றமா சிறுகுற்றமா என்று அது கேட்பதில்லை. எத்தனை ஆண்டு இங்கே இருந்தார் என்றும் கேட்பதில்லை. பலகையை மீறிய 200 டாலர் அபராதக் குற்றம் அந்தச் சொற்களுக்குள் வருமா என்று வாதாடலாம். என் கட்சிக்காரரின் வீட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் பணயம் வைத்து அந்த வாதத்தை நடத்திப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

இதைவிட மோசமான கண்ணி, டெக்சாஸ் நீதிமன்றங்கள் தாராளமாக வழங்கும் தீர்ப்பு ஒத்திவைப்பு. குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், நீதிபதி தீர்ப்பு எழுதாமல் சிலகாலம் கண்காணிப்பில் வைப்பார், ஒழுங்காக இருந்தால் வழக்குத் தள்ளுபடி, தண்டனை என்று பதிவே இருக்காது. அமெரிக்காவில் பிறந்தவருக்கு இது நல்ல பேரம். குடியேற்றச் சட்டத்திலோ ஒப்புதல் வாக்குமூலமும் ஏதாவதொரு கட்டுப்பாடும் சேர்ந்தாலே அது தண்டனைதான். மாநிலப் பதிவேட்டில் ஒன்றுமில்லை என்று நம்பி, பெற்றோரைப் பார்க்க ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் நிறுத்தப்படுவார்கள். விலக்குக் கேட்க வழிகள் உண்டு, ஆனால் அவை குடியேற்ற நீதிபதியின் மனதைப் பொறுத்தவை. குற்ற ஒப்புதலால் நாடுகடத்தப்படும் அபாயம் இருந்தால் அதைக் கட்சிக்காரரிடம் வழக்கறிஞர் சொல்லியே ஆகவேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் சொல்வதற்கு, உங்கள் விசா நிலை என்ன என்று முதலில் நீங்கள் அவரிடம் சொல்லவேண்டும். பெயரையும் உச்சரிப்பையும் வைத்து எல்லா வழக்கறிஞரும் ஊகிப்பதில்லை.

எச்-1பி (வேலை), எச்-4 (அவர்கள் குடும்பத்தினர்), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் இடப்பட்டியலே தேவையில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். 15 ஆண்டு வரை சிறை. கிரீன் கார்டு விண்ணப்பம் பத்தாண்டாக நிலுவையில் இருந்தாலும் நிலைமை மாறாது. சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதும் 'வைத்திருத்தல்'தான். 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு, மாணவர் விசா நிலையை இழந்தபின் புளோரிடாவில் சுடுதளத்துக்குப் போன ஒருவரைப் பற்றியது. கணவருக்குக் கிரீன் கார்டு வந்து, மனைவி இன்னும் எச்-4இல் இருக்கும் வீடுகளில், பெட்டகத்தின் சாவியோ எண்ணோ மனைவிக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

மாநில எல்லை தாண்டினால் கதை மறுபடி மாறும். டெக்சாஸ் உரிமத்தைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன. நம் உறவினர்கள் நிறைந்த நியூ ஜெர்சி ஏற்பதில்லை. 2013இல் பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஓர் இளம் தாய் அங்கே சாலையில் நிறுத்தப்பட்டபோது, தன் துப்பாக்கியைப் பற்றித் தானே காவலரிடம் சொன்னார். கைதானார். குறைந்தபட்சம் மூன்றரை ஆண்டு சிறை என்ற நிலையில் இருந்தார். 2014இல் விசாரணைக்குப் பதிலான மாற்றுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டதால் சிறையிலிருந்து தப்பினார். 2015இல் ஆளுநர் மன்னிப்பும் தந்தார். காரில் கடந்துபோவதென்றால் தோட்டா நீக்கிப் பூட்டி, கைக்கெட்டாத இடத்தில் வைத்திருங்கள். மத்தியச் சட்டத்தின் பயணப் பாதுகாப்பு அதற்குத்தான் உண்டு, வழியில் ஒருவார விருந்துக்கு அல்ல.

கடைசியாக, சென்னைப் பயணம். துப்பாக்கியை யாரும் ஊருக்கு எடுத்துப் போவதில்லை. சுடுதளத்துக்கு எடுத்துப்போன அதே முதுகுப்பையில் துணியை அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அடிப்பகுதியில் உருண்டு கிடக்கும் ஒற்றைத் தோட்டா ஊடுகதிர்த் திரையில் தெரிந்தால் இந்திய ஆயுதச் சட்டம், 1959இன் கீழ் வழக்குப் பதிவாகும். பையில் இருப்பது தெரிந்தே வைத்திருந்தாரா என்பது அந்த வழக்குகளில் முக்கியக் கேள்வி. தெரியாமல் இருந்தது என்று பல வழக்குகளை இந்திய உயர் நீதிமன்றங்கள் ரத்துசெய்திருக்கின்றன. ஆனால் அது உயர் நீதிமன்றத்தில், வழக்கறிஞர் வைத்து, திரும்பும் டிக்கெட் காலாவதியான பிறகு. சுடுதளத்துக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பை விமானம் ஏறவேண்டாம்.