கழிமுள்ளி

கழிமுள்ளி: பெயர்ச்சொல். உப்பங்கழிச் சேற்றில் வளரும் முட்செடி. கழுதைமுள்ளி என்றும் சொல்வார்கள். சங்கப் பாட்டில் முண்டகம். தாவரவியலில் அகாந்தஸ் இலிசிஃபோலியஸ்.

பிச்சாவரத்தில் படகு வாய்க்காலுக்குள் திரும்பியதும் எல்லார் கண்ணும் சுரபுன்னையின் தாங்குவேர்களுக்குப் போய்விடும். அந்த மரங்களின் காலடியில், கரைச் சேற்றை ஒட்டி இடுப்பளவு புதராக நிற்கும் செடியைக் கொஞ்சம் கவனியுங்கள். பளபளப்பான கரும்பச்சை இலை, அதன் விளிம்பெல்லாம் முள், நீலமும் ஊதாவும் கலந்த பூ. பூவுக்குக் கீழுதடு மட்டும்தான் உண்டு, மேலுதடு கிடையாது. வண்டு வந்து உட்காரத் திண்ணை போட்டு வைத்த மாதிரி இருக்கும். காய் முற்றினால் வெடித்து விதையைத் தூர எறியும்.

பெயரைப் பிரித்தால் பொருள் வந்துவிடுகிறது. கழி என்பது கடல்நீர் ஏறி இறங்கும் காயல். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் பிச்சாவரம் கழி; புதுச்சேரியில் தேங்காய்த்திட்டுப் பக்கம் அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடும் இடமும் கழிதான். முள்ளி என்றால் முள்ளுடைய செடி. செடி வாழும் இடம், அதன் குணம் இரண்டையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது.

அறிவியல் பெயரும் முள்ளில்தான் தொடங்குகிறது. கிரேக்கத்தில் அகாந்தா என்றால் முள். இலிசிஃபோலியஸ் என்பது லத்தீன். ஹாலி மரத்தின் இலை போன்ற இலையுடையது என்று பொருள். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் இது. ஹாலி ஐரோப்பியருக்குப் பழகிய மரம். அதை வைத்துத்தான் ஆங்கிலத்திலும் ‘சீ ஹாலி’ என்கிறார்கள். அதை அப்படியே ‘கடல் ஹாலி’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹாலியையே பார்த்திராத கடலூர்க்காரருக்கு அதனால் என்ன விளங்கும்?

பழம்பெயருக்கு வருவோம். ‘இம்மை மாறி மறுமை ஆயினும்’ என்ற வரி பலருக்கும் மனப்பாடம். குறுந்தொகை 49ஆம் பாட்டு, அம்மூவனார் பாடியது. அந்தப் பாட்டின் தொடக்கமே ‘அணிற்பல் அன்ன கொங்குமுதிர் முண்டகத்து’ என்பதுதான். அணிலின் பல்லை இந்தச் செடியின் முள்ளுக்கு உவமையாகக் கொள்வதுண்டு. இலை விளிம்பில் சிறிதாக, கூராக நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை எவ்வளவு துல்லியம் என்று தெரியும். ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் ‘முண்டகக் கோதை’ வருகிறது. அதாவது இந்த முட்செடியின் பூவைக் கட்டி மாலையாகப் போட்டிருக்கிறார்கள்! முண்டகம் என்ற சொல்லும் முள் என்ற வேரிலிருந்தே கிளைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் பின்னாளில் முண்டகம் என்பது தாமரைக்கும் தாழைக்கும் கூடப் பெயராகிவிட்டது. அதனால் இன்றைய பேச்சுக்கும் எழுத்துக்கும் கழிமுள்ளியே குழப்பமில்லாத சொல்.

பெரிய குழப்பம் வேறொன்று இருக்கிறது. பலர் இதை நீர்முள்ளி என்று எழுதிவிடுகிறார்கள். நீர்முள்ளி வேறு செடி. குடும்பம் ஒன்றுதான், ஆனால் அது வயல் வரப்பு, குளக்கரை போன்ற நல்ல தண்ணீர் ஈரத்தில் வளர்வது. நாட்டுமருந்துக் கடையில் நீர்முள்ளி விதை என்று கேட்டால் கிடைப்பது அதன் விதை. மருந்துக்குப் பயன்படும் செடியின் பெயரை இன்னொன்றுக்குச் சூட்டுவது ஆபத்து.

சரி, தோட்டத்துக்கு ஆகுமா? நன்றாக ஆகும். கடற்கரையோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டால் பல செடிகள் இலை கருகிப்போகும். கழிமுள்ளி அந்த உப்பை உறிஞ்சி இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிவிடும். வெயில் நேரத்தில் இலைமேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கும், அது நோயில்லை. நல்ல தண்ணீரிலும் தொட்டியில் வளரும். குளத்தோரம், ஈரம் நிற்கும் தாழ்வான மூலை, ஆடுமாடு நுழையக்கூடாத வேலியோரம் இதற்குப் பொருத்தமான இடங்கள். வெயிலில் முள் அதிகம், நிழலில் வளர்ந்தால் முள்ளே இல்லாத இலைகூட வரும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் மட்டும் வேண்டாம். தரையில் வைத்தால் பக்கவாட்டில் பரவும், அவ்வப்போது கழித்துவிட வேண்டும்.

கணுவோடு வெட்டிய தண்டைச் சேற்றில் ஊன்றினால் வேர் பிடிக்கும். ஆனால் அந்தத் தண்டைப் பிச்சாவரத்தில் ஒடித்துக்கொண்டு வரக்கூடாது. அது வனத்துறையின் காப்புக்காடு, 2022இல் ராம்சர் என்ற உலக அளவிலான ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்த இடம். ஏற்கெனவே வளர்ப்பவரிடமோ நாற்றங்காலிலோ கேட்டு வாங்குங்கள். கேட்கும்போது கழிமுள்ளி, கழுதைமுள்ளி இரண்டு பெயரையும் சொல்லுங்கள். நீர்முள்ளியை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.