மின்சாரம் எடுத்த தண்ணீர் சக்கையா?

மேட்டூர் அணையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் பருவத்தில் காதில் விழும் பழைய கேள்வி ஒன்று உண்டு: "கரண்டை உறிஞ்சிக்கொண்டு விடும் தண்ணீரில் பயிருக்கு என்ன சத்து மிஞ்சியிருக்கும்?" கரும்பைப் பிழிந்தால் சக்கைதான் மிஞ்சும் என்று பார்த்துப் பழகியவருக்கு வரக்கூடிய நியாயமான சந்தேகம் இது. தண்ணீரிலிருந்து டர்பைன் (பாயும் நீரால் சுழன்று மின்னாக்கியை ஓட்டும் எந்திரம்) எதை எடுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும்.

அது எடுப்பது உயரத்தை. கணக்குக்காக வீழ்ச்சி, அதாவது நீர் இறங்கும் உயரம், 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் நீரிடம் இருக்கும் நிலையாற்றல் 392 ஜூல். விநாடிக்கு 1,000 கன அடி, அதாவது சுமார் 28,300 லிட்டர் விட்டால், 90 சதவீதத் திறனில் 10 மெகாவாட் கிடைக்கும். வீழ்ச்சி பாதியானால் மின்சாரமும் பாதி. அணை 120 அடியில் நிற்கும்போது கிடைக்கும் மின்சாரம், 60 அடிக்கு இறங்கிய பிறகு அதே அளவு நீரைத் திறந்தாலும் கிடைக்காதது இதனால்தான்.

அதே தண்ணீர் டர்பைனுக்குப் போகாமல் 16 கண் மதகு வழியாகப் பாய்ந்தால்? அந்த 392 ஜூலும் நுரைத்து, மோதி, உரசி வெப்பமாகிவிடும். நீரின் சூடு ஏறத்தாழ 0.09 டிகிரி செல்சியஸ் கூடும். இரண்டு தண்ணீருக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் இவ்வளவே. கரைந்திருக்கும் உப்பையும் தாதுக்களையும் டர்பைன் தொடுவதே இல்லை. மேட்டூரில் மின்சாரம் தந்துவிட்டு இறங்கும் காவிரி, செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று அடுத்தடுத்த கதவணைகளில் மறுபடியும் தலா 30 மெகாவாட் வரை தருகிறது.

டர்பைனில் அதிகம் வியக்க வைப்பது சக்கரம் அல்ல, சக்கரத்துக்குக் கீழே கண்ணில் படாமல் கிடக்கும் டிராஃப்ட் குழாய். பென்ஸ்டாக் என்ற பெருங்குழாய் வழியே வரும் நீர், அதைத் திசைதிருப்பிவிடும் கைடு வேன் தகடுகளைத் தாண்டி, ரன்னர் எனப்படும் அந்தச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியேறும்போதும் அதற்கு வேகம் இருக்கிறது. அது விநாடிக்கு 8 மீட்டர் என்றால், 3.3 மீட்டர் வீழ்ச்சிக்குச் சமமான ஆற்றல் கைநழுவிப் போகிறது என்று அர்த்தம். நாற்பதில் மூன்று சின்ன நஷ்டமில்லை. அதனால் ரன்னருக்கு அடியில், நாதஸ்வரத்தின் அணசு போல, மெல்ல மெல்ல விரியும் குழாயைப் பொருத்துகிறார்கள். குழாய் விரிய விரிய நீரின் வேகம் தணிகிறது. தணிந்த வேகம் அழுத்தமாக மாறுகிறது. வாய்ப்பகுதியில் வேகம் 2 மீட்டருக்கு இறங்கினால், அங்கே வீணாவது வெறும் 0.2 மீட்டர். மீட்டுக்கொண்ட மீதி, ரன்னருக்குக் கீழே அழுத்தக் குறைவாக நின்று நீரைக் கீழிருந்து இழுக்கிறது. குழாயைச் சட்டென்று அகலமாக்கினால் நீர் சுவரை விட்டுப் பிரிந்து சுழித்துவிடும், மீட்பு நடக்காது.

இந்த இழுப்பு அளவு மீறினால் ஆபத்து. 30 டிகிரி சூட்டில் உள்ள நீர், அழுத்தம் 4.2 கிலோபாஸ்கலுக்கு இறங்கினால் அந்தச் சூட்டிலேயே கொதிக்கும். 10 டிகிரி குளிர்நீர் கொதிக்க 1.2 வரை இறங்க வேண்டும். அதாவது, வெப்பமண்டல ஆற்று நீர் கொஞ்சம் சீக்கிரமே கொதித்துவிடும். ரன்னர் இதழின் பின்பக்கம் உண்டாகும் ஆவிக் குமிழிகள், அழுத்தம் கூடிய இடத்துக்கு நகர்ந்ததும் நொறுங்கும். நொறுங்கும் ஒவ்வொன்றும் ஊசிமுனைத் தாரையாக எஃகைக் குத்தும். இதுதான் கேவிட்டேஷன். குழாய்க்குள் ஜல்லி உருளுவது போல் சத்தம் கேட்கும். வழவழப்பான இதழ் நாளடைவில் கடற்பஞ்சு போல் குழிவிழுந்துவிடும்.

தடுக்க வழி இருக்கிறது. ரன்னரை வெளியேறும் நீரின் மட்டத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ பதிப்பார்கள். 13 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் நிக்கலும் கலந்த எஃகில் வார்ப்பார்கள். பாதிச் சுமையில் நீண்ட நேரம் ஓட்டமாட்டார்கள். ஓட்டினால் டிராஃப்ட் குழாய்க்குள் நீர் கயிறு போல முறுக்கிக்கொண்டு எந்திரத்தையே உலுக்கும். அப்போது காற்றைச் செலுத்தினால் அதிர்வு அடங்கும். அடியாழத்திலிருந்து பிராணவாயு குறைந்து வரும் நீருக்கு அந்தக் காற்றால் கொஞ்சம் உயிரும் கிடைக்கும். குழி விழுந்த இடத்தை வெல்டிங் வைத்து நிரப்பி, சரியான வளைவில் வெட்டிய அச்சுத்தகட்டை வைத்துப் பார்த்து, பழைய வளைவு வரும்வரை தேய்க்க வேண்டும். வளைவு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அடுத்த குழி அங்கேயே ஆரம்பிக்கலாம்.

சரி, விவசாயியின் சந்தேகத்துக்கு வருவோம். சத்து குறைவது நிஜம்தான். ஆனால் குற்றவாளி டர்பைன் அல்ல, அணை. ஓடும் ஆறு சுமந்து வரும் வண்டல், நீர்த்தேக்கத்தில் ஓட்டம் நின்றதும் படிந்துவிடுகிறது. பெருவெள்ளத்தோடு டெல்டாவுக்கு வந்து சேர வேண்டிய மண் அது. 1934-இல் கட்டி முடித்த மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றே இன்றும் எழுதுகிறோம். அடியில் படிந்த வண்டல் அதில் ஒரு பகுதியை விழுங்கியிருக்கிறது. 2017-இல் தூர்வாரத் தொடங்கியபோது விவசாயிகள் அந்த வண்டலை வயலுக்கு அள்ளிச் சென்றார்கள். வண்டலை அளக்கவும், வெள்ளக் காலத்தில் அதை மதகு வழியே ஆற்றோடு அனுப்பும் வழிகளை ஆராயவும், புதிய டர்பைனுக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கையாவது ஆண்டுதோறும் ஒதுக்கியாக வேண்டும்.