இரண்டு சதவீத வட்டி ஏன் கனக்கிறது?

தென்பசிபிக் தீவு நாடான டோங்காவில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் வாழ்கிறார்கள். 2006 நவம்பர் கலவரத்தில் தலைநகர் நுகுஅலோஃபாவின் கடைவீதியில் பெரும்பகுதி எரிந்தது. அதைத் திரும்பக் கட்டச் சீனாவின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி கடன் கொடுத்தது. 2010-இல் சாலைகளுக்கு இன்னொரு கடன். மொத்தம் சுமார் 12 கோடி டாலர். அதாவது தலைக்கு 1,200 டாலர்.

எக்சிம் வங்கியின் சலுகைக் கடனுக்கு வழக்கமான வட்டி ஆண்டுக்கு 2 சதவீதம். நம்மூரில் நகையை அடகு வைத்தாலும் இந்த வட்டிக்குக் கிடைக்காது. ஆனால் கடன் மலிவா என்பதை வட்டி மட்டும் சொல்லிவிடாது. இனி கட்டவேண்டிய தவணைகளை எல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்ட வேண்டும். இதற்காகச் சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) ஆண்டுக்கு 5 சதவீதம் கழிக்கிறது. 100 ரூபாய்க் கடனில் அந்தக் கூட்டுத்தொகை 65 ரூபாயைத் தாண்டாமல், குறைந்தது 35 ரூபாய் இனாமாகத் தேறினால்தான் அதன் கணக்கில் அது சலுகைக் கடன்.

போட்டுப் பார்ப்போம். 2 சதவீத வட்டி, 20 ஆண்டுக் கெடு, முதல் 5 ஆண்டு அசல் கட்ட வேண்டாம் என்றால் இனாம் 27 ரூபாய் சொச்சம். வட்டியைத் தொடாமல் கெடுவை 40 ஆண்டாகவும் அசல் விலக்கை 10 ஆண்டாகவும் நீட்டுங்கள். இனாம் 41 ரூபாய் ஆகிவிடும். பேரம் பேச வேண்டியது கெடுவைப் பற்றித்தான்.

பணம் எந்த வழியில் போகிறது என்பதும் முக்கியம். இவ்வகைக் கடனில் பொதுவாகக் குறைந்தது பாதிக் கொள்முதல் சீனாவிலிருந்து வரவேண்டும். ஒப்பந்தக்காரரும் சீன நிறுவனமே. ஆகவே கடன் தொகையின் பெரும்பங்கு கடன் கொடுத்த நாட்டுக்குள்ளேயே சுற்றிவிடுகிறது. போதாக்குறைக்குக் கடன் சீன நாணயமான யுவானில். டோங்காவுக்கு வரும் வெளிநாட்டுப் பணமோ, நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு அனுப்புவதுதான் பெரும்பாலும். யுவான் ஏறினால் அசலும் ஏறும்.

2018 ஆகஸ்டில் பிரதமர் அகிலிசி போஹிவா, பசிபிக் நாடுகள் ஒன்றுசேர்ந்து கடன் தள்ளுபடி கேட்கலாம் என்றார்; சில நாளிலேயே பின்வாங்கினார். நவம்பரில் டோங்கா பிற நாடுகளில் சாலை, துறைமுகம் போன்றவை கட்டும் சீனாவின் 'பட்டை-பாதை' திட்டத்தில் கையெழுத்திட்டது, அசலுக்கு 5 ஆண்டு அவகாசமும் கிடைத்தது. அந்த அவகாசம் முடிவதற்குள், 2022 ஜனவரியில், எரிமலையும் சுனாமியும் வந்துவிட்டன.

கடன் நெருக்கடி அபாயம் அதிகமுள்ள நாடு என்பதால் டோங்காவுக்கு உலக வங்கி மானியமாகவே பணம் தருகிறது. அதனால் மிச்சமாகும் உள்ளூர் வரிப்பணத்தில் ஒரு பகுதி எக்சிம் தவணைக்குப் போவதை யாரும் தடுக்க முடியாது.