72ஆல் வகுபடாதவை: ஒரு குட்டி ஸ்பிட்ஃபயரின் அறிவியல்

1936 மார்ச் 5 அன்று இங்கிலாந்தின் ஈஸ்ட்லீ விமானத் தளத்தில் முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை, முனைக்கு முனை 11.23 மீட்டர். ஆறடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், அதாவது 72இல் ஒரு பங்காகச் செய்யப்படும் மாதிரியில் அது 15.6 சென்டிமீட்டராகிவிடும். நீளத்தை வகுப்பது எளிது. ஆனால் பசையும் வண்ணப் படலமும் ஒளியும் எந்தக் கணக்குக்கும் சுருங்குவதில்லை.

இம்மாதிரிகளின் பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் வார்க்கப்படுகின்றன. நூற்கண்டு சிக்கிக்கொண்டதுபோல் பின்னிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளே அந்தப் பிளாஸ்டிக். இதற்கென விற்கப்படும் பசை, உண்மையில் பசையே அன்று. பியூட்டைல் அசிட்டேட் போன்ற ஒரு கரைப்பான். உடலின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து இடுக்கில் தூரிகை நுனியால் தொட்டால், நுண்துளை ஈர்ப்பினால் திரவம் தானே உள்ளே ஓடி, இரு பக்கத்துச் சங்கிலிகளையும் தளர்த்தி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்து, பின்னர் ஆவியாகிவிடுகிறது. எஞ்சுவது ஒட்டு அன்று, ஒரே பிளாஸ்டிக். ஒட்டும் விளிம்பில் வண்ணம் பூசியிருந்தால் அதை முதலில் சுரண்டிவிட வேண்டும்; இல்லையேல் கரைப்பான் பிளாஸ்டிக்கைச் சரியாகத் தொடாது. விமானியின் கண்ணாடிக் கூண்டுக்கு மட்டும் இந்த முறை ஆகாது. கரைப்பான் பட்டால் அது மங்கிவிடும் என்பதால், பிளாஸ்டிக்கைக் கரைக்காத, மர வேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையே அங்கே பாதுகாப்பானது.

வண்ணத்தில்தான் வகுத்தல் கணக்கு பழிவாங்குகிறது. மாதிரியின்மேல் 0.1 மில்லிமீட்டர் தடிப்பில் பூசினால், உண்மையான விமானத்தில் அது 7.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பூச்சுக்குச் சமம். தகடுகளின் இணைப்புக் கோடுகள் அதில் மூழ்கிவிடும். அழுத்தக் காற்றால் வண்ணத்தை நுண்துளிகளாகச் சிதறடிக்கும் ஏர்பிரஷ் மெல்லிய படலங்களைத் தருகிறது. ஆனால் அதை மிகத் தள்ளிப் பிடித்தால் துளிகள் வழியிலேயே உலர்ந்து, மணல் தூவியதுபோன்ற சொரசொரப்பே மிஞ்சும். தொலைவிலிருந்து பார்ப்பதுபோல் தோன்ற வண்ணத்தை வெளுக்கச் செய்ய வேண்டும் என்று சொல்வோரும் உண்டு. மாதிரியை 30 சென்டிமீட்டரிலிருந்து பார்ப்பது விமானத்தை 21.6 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். தெளிந்த நாளில் அவ்வளவு காற்று நிறத்தை வெளுக்கச் செய்யும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியாக, இறக்கையில் ஒட்டும் வட்டச் சின்னம். நீரில் நனைத்தால் காகிதத்திலிருந்து நழுவிவரும் மெல்லிய படலம் அது. பளபளப்பற்ற வண்ணத்தின்மேல் நேரடியாக ஒட்டினால், நுண்ணிய மேடுபள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்கிறது. படலமும் காற்றும் சந்திக்கும் இடங்களில் ஒளி எதிரொளிப்பதால், சின்னத்தைச் சுற்றி வெள்ளிபோல் ஒரு மினுக்கம் தெரிகிறது. எனவே முதலில் பளபளக்கும் வார்னிஷ் பூசிப் பள்ளங்களை நிரப்பி, அதன்மேல் சின்னத்தை ஒட்டி, அது உலர்ந்தபின் மங்கலான வார்னிஷை முழுவதும் பூசுகிறார்கள். அப்போது படலத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் போய், சின்னம் இறக்கையிலேயே தீட்டியதாகத் தோன்றுகிறது.