வீட்டிலிருந்து பட்டறைக்கு: 40 மீட்டர் ஒயருக்குள் நடப்பது என்ன?

பல்லடம், சூலூர் பக்கத்துத் தோட்டங்களில் வீட்டுக்குச் சற்றுத் தள்ளித் தகரக் கொட்டகை போட்டு, அதில் சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை வைத்துக்கொள்வது புதிதல்ல. இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் 1937இல் கோவை பீளமேட்டில்தான் உருவானது. ஆனால் கொட்டகைக்கு ஒயர் வாங்கும்போது மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்கிறோமே தவிர, இடையில் எத்தனை மீட்டர் என்று கேட்பதில்லை.

செம்பும் மின்சாரத்தைச் சிறிதளவு தடுக்கவே செய்யும். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரின் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7.4 ஓம். பட்டறை 40 மீட்டரில் இருந்தால், மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் 80 மீட்டர். தடை சுமார் 0.6 ஓம். 10 ஆம்பியரில் ஓடும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு இதனால் குறைவது 6 வோல்ட்தான். சிக்கல் புறப்படும் நொடியில் வருகிறது. அப்போது மோட்டார் ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுப்பதால், ஒயரிலேயே 30 வோல்ட்டோ அதற்கு மேலோ போய்விடும். மோட்டாரின் திருகுவிசையோ (சுழற்றும் வலு) மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. 230 வோல்ட் 200 ஆகும்போது விசையில் கால் பங்கு காணாமல் போகிறது. மாலையில் வீட்டுக்கே 200தான் வருகிறதென்றால் மீதி பாதியளவுதான். மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே சூடேறுவது இதனால்தான். பழி பெரும்பாலும் மோட்டார் புறப்பட உதவும் கெப்பாசிட்டர் மேல் விழுகிறது. அதே தூரத்துக்கு 6 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இந்த இழப்பு 12 வோல்ட் அளவில் நின்றுவிடும்.

இரும்புக் கவசமிட்ட ஆர்மர்டு கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில் மணல் பரப்பிப் புதைப்பது எலக்ட்ரீஷியன்கள் அறிந்த வேலை. எர்த்துதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சுக்கான் பாறை மேலிருக்கும் செம்மண்ணோ சித்திரையில் காய்ந்து, எர்த்துக் கம்பியின் தடையை ஏற்றிவிடும். அது 20 ஓம் ஆகிவிட்டது என்று கொள்வோம். ஃபேஸ் ஒயர் உரசி லேத்தின் உடலைத் தொட்டாலும், மண்வழியே போவது அதிகபட்சம் 11.5 ஆம்பியர். அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை வழக்கமான சுமை என்றே எண்ணிச் சும்மா இருக்கும். லேத்தின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும்.

இங்கே காப்பது மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. வித்தியாசம் அந்த அளவைத் தொடும்போது நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். அதைப் பட்டறைச் சுவரில் மட்டும் வைத்தால், இடையிலுள்ள கேபிளைக் கடப்பாரை குத்தும்போது பயன்படாது; வீட்டு முனையிலேயே வைக்க வேண்டும். பட்டறையில் யாராவது நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடுக்கியிருந்தால் அது அடிக்கடி விழும். அப்போது தேட வேண்டியது அந்த இணைப்பைத்தான். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுப்பது இந்த வட்டாரத்தில் அதிகம் காணப்படும் ஆபத்தான வைத்தியம்.