அரை லிட்டர் பாட்டிலும் ஆயாவின் சந்தேகமும்

ஆஸ்துமாவுக்கான பம்பை (இன்ஹேலர்) வாயில் வைத்து அமுக்கினால் மருந்து நேராக நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்றுதான் தோன்றும். அப்படி நடப்பதில்லை. சீறி வரும் வேகத்தில் துளிகளில் பெரும்பகுதி தொண்டையில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. அமுக்குவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் சிறு பிள்ளைக்கு வரவும் வராது.

அதற்குத்தான் ஸ்பேசர். பம்புக்கும் வாய்க்கும் நடுவே கொஞ்சம் காலி இடம், அவ்வளவுதான். அங்கே வேகம் அடங்குகிறது. பெரிய துளிகள் சுவரில் படிந்துவிட, மிஞ்சுகிற நுண்துளிகளைப் பிள்ளை சாதாரணமாக ஐந்தாறு மூச்சு விட்டே உள்ளே இழுத்துக்கொள்ளும். கடை ஸ்பேசர் எல்லாருக்கும் கட்டுப்படியாகாதே! கேப் டவுனில் ஹெதர் ஜார் என்ற குழந்தை மருத்துவரும் சகாக்களும் 500 மில்லி குளிர்பான பாட்டிலின் அடியில் பம்பின் வாய் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, சுற்றிலும் பசை வைத்து அடைத்துப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான அவர்கள் ஆய்வில், கடை ஸ்பேசருக்கு நிகராக அது வேலை செய்தது. அடைக்காத பாட்டில் கொஞ்சம் பின்தங்கியது. கூடவே சோதித்த தெர்மாகோல் கப் கடைசி. இன்னொன்று: பாட்டிலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி, அதுவே மருந்தை இழுத்துக்கொள்ளும்.

சரி, கருவி கிடைத்தாயிற்று. சிக்கல் வேறிடத்தில்.

பம்பில் இரண்டு வகை. நீல பம்ப், மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். இழுப்பு அடங்குவது கண்ணுக்குத் தெரியும். தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு பம்ப், குழாயின் உள்வீக்கத்தை மெல்லத் தணிப்பது. அதற்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும். "நல்லாத்தானே ஓடி விளையாடுறான், தினம் எதுக்கு மருந்து? பழகிப்போயிடும்" என்பார் எங்கள் ஆயா, அதாவது பாட்டி. கிளினிக்கில் பேசியது அம்மாவிடம். வீட்டில் முடிவெடுப்பது ஆயா. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பலன் தெரியாத மருந்தைச் சந்தேகப்படுவது புத்திசாலித்தனம்தான். இந்த மருந்தில் மட்டும் அது தப்பாகிவிடுகிறது.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் தெற்காசியக் குடும்பங்களோடு சேர்ந்து நடந்த ஆய்விலும் இதே கதைதான்: நோயைப் பற்றிய குழப்பம், வெளியே சொல்லக் கூச்சம், மருந்து மீது பயம். அதனால் பிள்ளைகள், பெற்றோர், ஊர்க்காரர்கள், மருத்துவப் பணியாளர்கள் என எல்லாரையும் கேட்டே ஆஸ்துமாவைச் சமாளிக்கும் வழிமுறையை வகுத்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் தெற்கே, எங்கள் மியர்பேங்குக்கு ஊர் கூடுவது புதிதல்ல. இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஊர். 2000 வாக்கில் இந்த வட்டாரத்து மக்கள் பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இங்குள்ள செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஆராய்ந்தபோது, சோதித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் ஆஸ்துமா இருந்தது. ஓர் ஆலை 2020-இல் தீப்பிடித்தபின் நின்றது, மற்றது 2022-இல். ஏற்கெனவே இழுப்பு வந்த பிள்ளைக்குப் பம்ப் அதனால் வேண்டாம் என்றாகிவிடாது.

போன மாதம் கோயில் மண்டபத்தில் நர்ஸ் ஒருவர் பாட்டில் ஸ்பேசர் செய்து காட்டினார். அம்மாக்களைவிட ஆயாக்கள் அதிகம். எங்கள் ஆயா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்போ வெள்ளிக்கிழமை சாம்பிராணி?"

எந்தப் புகையும் அந்தக் குழாய்க்கு ஆகாது என்றார் நர்ஸ். இப்போது எங்கள் வீட்டில் சாம்பிராணி வாசலோடு நின்றுவிடுகிறது.