மஞ்சள் குழந்தைக்கு எதுக்கு நீல லைட்டு?

"பொறந்து மூணாம் நாள் பாப்பாவுக்கு காமாலைன்னு சொல்லி கண்ணைக் கட்டி நீல லைட்டுக்கு அடியில படுக்க வச்சுட்டாங்க. மாமியார் என்னடான்னா காலை வெயில்ல காட்டினா தானா போயிடும், இதெல்லாம் பில்லு ஏத்தற வேலைங்கறாங்க. உண்மையிலேயே அந்த லைட்டு என்னதான் பண்ணுது?"ன்னு ஒரு வாசகி கேட்டிருந்தாங்க. நல்ல கேள்வி. மாமியாரும் முழுசா தப்பு சொல்லலை, அதுக்கு அப்புறம் வரேன்.

அடிப்படை எல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், வேகமா ஓட்டிடறேன். ரத்த சிவப்பணு ஆயுசு முடிஞ்சு உடையும்போது ஹீமோகுளோபின்ல இருந்து பிலிருபின்னு ஒரு மஞ்சள் கழிவு வருது. பெரியவங்களுக்கு சிவப்பணு 120 நாள் தாங்கும், பச்சைக் குழந்தைக்கு அதைவிட சீக்கிரம் உடையுது, எண்ணிக்கையும் அதிகம், அதனால கிலோ கணக்குல பார்த்தா நம்மள மாதிரி ரெண்டு மடங்கு பிலிருபின் தினமும் உற்பத்தி ஆகுது. அதை வெளியேத்த வேண்டிய ஈரல் இன்னும் வேலைக்கே பழகலை, அதுல இருக்கவேண்டிய என்சைம் பொறக்கும்போது பெரியவங்க அளவுல 1 சதவீதம் கிட்டதான் வேலை செய்யுது. வரவு ஜாஸ்தி, செலவு இல்லை. நிறைமாசக் குழந்தைகள்ல 60 சதவீதத்துக்கும் குறைமாசக் குழந்தைகள்ல 80 சதவீதத்துக்கும் முதல் வாரத்துல மஞ்சள் தெரியறது இதனாலதான், பெரும்பாலும் அதுவே வந்து அதுவே போயிடும்.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டோம். சிவப்பணு உடைஞ்சதும் நேரா பிலிருபின் வர்றதில்லை, முதல்ல பிலிவெர்டின்னு ஒரு பச்சைப் பொருள்தான் வருது (அடிபட்ட இடம் கன்னிப்போயி ரெண்டு நாள் கழிச்சு பச்சையா தெரியுதே, அது இதுதான்). இந்தப் பச்சை தண்ணியில கரையும், பெருசா தொந்தரவு இல்லாதது, பறவைங்க இதை அப்படியே வெளிய தள்ளிட்டுப் போயிடுது. ஆனா நம்ம உடம்பு இருக்கே, கை காசைச் செலவு பண்ணி, அதாவது சக்தியை செலவழிச்சு, அந்தச் சாதுவான பச்சையைத் தண்ணியில கரையாத, கொழுப்புல மட்டும் கரையற, மூளைக்குள்ள நுழையக்கூடிய மஞ்சளா மாத்துது. எதுக்கு இந்த வேண்டாத வேலை?

இதுக்கு சொல்ற விளக்கங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது நஞ்சுக்கொடி. வயித்துக்குள்ள இருக்கற குழந்தை தன் கழிவை எங்க கொட்டும்? அம்மாகிட்டதான். கொழுப்புல கரையற பிலிருபின் நஞ்சுக்கொடியைத் தாண்டி அம்மா ரத்தத்துக்குப் போயிடும், அம்மாவோட ஈரல் பார்த்துக்கும். தண்ணியில கரையற வடிவம் அப்படி சுலபமா தாண்டாது. குழந்தையோட ஈரல் தூங்கிக்கிட்டு இருக்கறது சோம்பேறித்தனம் இல்லைங்க, அது முழிச்சு வேலை செஞ்சா கழிவு எல்லாம் உள்ளயே மாட்டிக்கும். ஒன்பது மாசம் பிரமாதமா ஓடின இந்த ஏற்பாடு, தொப்புள்கொடியை வெட்டின அந்த நிமிஷத்துல இருந்து தலைவலி ஆயிடுது, அவ்வளவுதான்.

சரி, இந்த பிலிருபின் ஏன் தண்ணியில கரைய மாட்டேங்குது? கெமிஸ்ட்ரி படிச்சவங்க அதோட அமைப்பை வரைஞ்சு பார்த்தா குழம்பிடுவாங்க, ஏன்னா அதுல தண்ணியோட ஒட்டிக்கிற அமில வால் ஒண்ணு இல்லை, ரெண்டு இருக்கு. நியாயமா கரையணும். விஷயம் என்னன்னா இந்த மூலக்கூறு நேரா நீட்டிப் படுத்திருக்கறது இல்லை. தொட்டா சுருண்டுக்கிற மரவட்டை மாதிரி நடுவுல மடங்கி, ரெண்டு அமில வாலையும் உள்பக்கமா இழுத்து, ஒவ்வொரு வாலையும் எதிர்ப்பக்கத்தோட மூணு மூணு ஹைட்ரஜன் பிணைப்பால கட்டி வச்சிருக்கு, மொத்தம் ஆறு. தண்ணிக்குப் பிடிச்ச பகுதி எல்லாம் உள்ள பூட்டிக்கிச்சு, வெளிய தெரியறது எல்லாம் எண்ணெய்ப் பசை. ஈரல் என்ன பண்ணுதுன்னா ஒவ்வொரு வால்லயும் ஒரு சர்க்கரை அமிலத் துண்டை ஒட்டவச்சு இந்தச் சுருளைப் பிரிச்சு விடுது, அப்புறம் பித்தத்தோட வெளிய போயிடும்.

நீல வெளிச்சம் அதே காரியத்தை ஈரலைக் கேக்காமலே முடிச்சுடுது! பிலிருபின் நம்ம கண்ணுக்கு மஞ்சளா தெரியுதுன்னா அது நீலத்தை உறிஞ்சிக்குதுன்னு அர்த்தம், 460 நானோமீட்டர் அலைநீளம் பக்கத்துல நல்லாவே உறிஞ்சும். தோலுக்குள்ள புகுந்த நீல ஒளித்துகள் ஒண்ணு பிலிருபின் மேல பட்டதும், ஓரத்துல இருக்கற ஒரு இரட்டைப் பிணைப்பு சட்டுனு திரும்பிக்குது. ஒரு செகண்டை லட்சம் கோடி துண்டா வெட்டினா அதுல சில துண்டு நேரம்தான் ஆகும். அந்த முனை திரும்பினதும் அந்தப் பக்கத்து மூணு ஹைட்ரஜன் பிணைப்பும் விட்டுப்போச்சு, பூட்டியிருந்த அமில வால் ஒண்ணு வெளிய வந்துடுச்சு, இப்ப அதே மூலக்கூறு தண்ணிக்கு இணக்கமாயிடுச்சு. ஒரு அணு கூட சேர்க்கலை, ஒரு அணு கூட எடுக்கலை. வடிவம் மட்டும்தான் மாறிச்சு. சூடு கிடையாது, மருந்து கிடையாது, நிறைய பேர் நினைக்கிற மாதிரி புற ஊதாக் கதிரும் கிடையாது.

ஒரு சின்ன வில்லங்கம் இருக்கு. இப்படி முறுக்கிக்கிட்டது குடல்ல இருட்டுக்குப் போனதும் பழையபடி சுருண்டுக்கும், கொஞ்சம் ரத்தத்துக்கே திரும்பவும் வரும். ஆனா கூடவே இன்னொரு மாற்றமும் நடக்குது, அபூர்வமா சில மூலக்கூறுகள்ல ஒரு ஓரத்துக் கிளை பக்கத்துல போய் ஒட்டி ஏழு அணு கொண்ட ஒரு புது வளையம் உண்டாகுது, அதுக்கு லூமிருபின்னு பேரு. இது திரும்பிப் போகவே போகாது, பித்தம் வழியாவும் மூத்திரம் வழியாவும் வேகமா வெளியேறிடும். முதல் மாற்றம் கொஞ்ச வெளிச்சத்துலயே ஒரு அளவுக்கு வந்து நின்னுடும், லூமிருபின் மட்டும் வெளிச்சம் கூடக் கூட கூடிக்கிட்டே போகும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, காலை வெயில் கதைக்கு இது தேவைப்படும்.

லைட்டுல வச்ச குழந்தை பச்சைப் பச்சையா இளக்கமா வெளிய போறதைப் பார்த்து பயந்து போயி "பாலு சேரலை"ன்னு பால் குடுக்கறதை நிறுத்தறாங்க சிலர். வடிவம் மாறின பிலிருபின் சமாச்சாரம்தான் அப்படி வருது, வரட்டும், அது வரவேண்டியதுதான். பாலை நிறுத்தினா மலம் தேங்கும், தேங்கினா குடல் அதுல இருக்கற பிலிருபினைத் திரும்ப உறிஞ்சி ரத்தத்துல விடும். க்ளூக்கோஸ் தண்ணி குடுக்கறதும் அதே மாதிரிதான், வயிறு ரொம்பிடும், பால் குடிக்கறது குறையும், காமாலைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதை யாரு கண்டுபிடிச்சாங்கன்னு பார்த்தா பெரிய லேப் எதுவும் இல்லை. இங்கிலாந்துல எசெக்ஸ் மாகாணத்துல ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரி, 1956. குறைமாசக் குழந்தைகள் வார்டு பொறுப்புல இருந்த சிஸ்டர் வார்டு (அவங்க பேரே வார்டுதான்) நர்ஸம்மாவுக்கு வெயிலும் காத்தும் குழந்தைக்கு நல்லதுன்னு ஒரு நம்பிக்கை, நல்ல வெயில் அடிக்கற நாள்ல குழந்தைகளை வெளிய முற்றத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஒரு நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்கள்கிட்ட ஒரு குழந்தையைத் துணி விலக்கிக் காட்டறாங்க, உடம்பு முழுக்க வெளுத்திருக்கு, ஒரே ஒரு முக்கோணம் மட்டும் பளிச்சுனு மஞ்சள். ஏதாவது மருந்து தடவினீங்களான்னு டாக்டர் கேட்டாராம். துணியோட ஒரு மூலை மூடியிருந்த இடம் அது! மஞ்சள் அங்க புதுசா வரலை, மத்த இடத்துல எல்லாம் வெயில் அழிச்சிருச்சு. கொஞ்ச நாள்ல இன்னொரு சம்பவம், காமாலைக் குழந்தையோட ரத்தம் எடுத்து வச்ச டெஸ்ட் ட்யூப் ஒண்ணு ஜன்னலோரம் வெயில்ல கிடந்துட்டு லேட்டா டெஸ்டுக்குப் போச்சு, பிலிருபின் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் கம்மி. அந்த ஆஸ்பத்திரி டாக்டர் ரிச்சர்ட் கிரீமரும் அவரோட சகாக்களும் ரெண்டையும் முடிச்சுப் போட்டு, ட்யூப் லைட் வச்சு ஒரு தொட்டில் செஞ்சு, 1958ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதினாங்க. அமெரிக்கா இதை நம்பவே பத்து வருஷம் ஆச்சு, 1968ல ஜெரால்ட் லூசிங்கற டாக்டர் முறையா ஆய்வு நடத்திக் காட்டின பிறகுதான். அதுவரைக்கும் கடுமையான காமாலைன்னா குழந்தையோட ரத்தத்தையே கொஞ்சம் கொஞ்சமா உருவி வேற ரத்தம் ஏத்தறதுதான் வழி. இப்பவும் சில குழந்தைகளுக்கு அது தேவைப்படுது, ஆனா ரொம்ப அபூர்வம் ஆயிடுச்சு.

அப்ப வெயில்ல இருந்து வந்த வைத்தியம்தானே, வெயில்லயே காட்டினா என்னன்னு கேப்பீங்க. வெயில்ல நீலம் இருக்கு, சரி. ஆனா கூடவே புற ஊதாவும் சூடும் இருக்கு, பச்சைத் தோலு தாங்காது. அந்தக் கவலைல காலை ஏழு மணி இளம் வெயில்ல முக்கால்வாசி உடம்பைத் துணியில சுத்தி பத்து நிமிஷம் காட்டறோம், அது லூமிருபின் உண்டாக்கறதுக்கு எந்த மூலைக்கும் காணாது. லைட்டுல வச்சா கண்ணுக்கட்டும் டயப்பரும் தவிர மொத்த உடம்பும் தெரியணும், பால் குடிக்கற நேரம் போக மணிக்கணக்கா இருக்கணும். லேசான மஞ்சளுக்கு வெயில் காட்டினாங்க, சரியாச்சுன்னா, அது காட்டாமலே சரியாயிருக்கும்.

ஆனா வெயிலை ஒழுங்கா பயன்படுத்த முடியும்னும் நிரூபிச்சிருக்காங்க. நைஜீரியாவுல கரண்ட் அடிக்கடி போற ஊர்ல, கார் கண்ணாடியில ஒட்டற மாதிரி ஃபிலிம் போட்ட பந்தல் கட்டி, புற ஊதாவையும் வெப்பத்தையும் பெரும்பாலும் வடிகட்டி நீலத்தை உள்ள விட்டு, அதுக்கு அடியில குழந்தைகளை வச்சுப் பார்த்தாங்க, 2015ல வெளிவந்த முடிவு, வழக்கமான லைட்டுக்குக் கொஞ்சமும் குறைவில்லை. இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு இங்க காசு ஒதுக்க யோசிக்கிறாங்க, பளபளன்னு மெஷின் வாங்கினாதான் போட்டோ எடுக்க முடியும்போல. வாங்கின மெஷினோட வெளிச்சம் போதுமான அளவுல வருதான்னு அளக்கறதுக்கு ஒரு சின்ன மீட்டர் இருக்கு, அது எத்தனை இடத்துல இருக்கு, இருந்தாலும் யாரு அளக்கறாங்கன்னு விசாரிச்சுப் பாருங்க. பல்பு நீலமா எரியுதுங்கறதும் வேலை செய்யுதுங்கறதும் ஒண்ணு இல்லை.

எப்ப பயப்படணும்? பிலிருபின் ரொம்ப ஏறினா மூளையோட உள் முடிச்சுகள்ல போய்ப் படியும், அங்க ஆன சேதம் திரும்பாது. காது கேக்காமப் போகலாம், கைகால் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கற வாதம் வரலாம். பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள மஞ்சள் தெரிஞ்சா அது சாதாரணமே கிடையாது, உடனே பார்க்கணும். அம்மா நெகட்டிவ் குரூப்பும் குழந்தை பாசிட்டிவும், அம்மா ஓ குரூப்பும் குழந்தை ஏ இல்லாட்டி பியும், குறைமாசம், வாக்யூம் வச்சு எடுத்ததுல தலையில ரத்தம் கட்டினது, இவங்க எல்லாம் கூடுதல் கவனம். ஜி6பிடி குறைபாடுன்னு பரம்பரையா வர்ற ஒண்ணு இருக்கு, அது இருக்கற குழந்தைக்கு அந்துருண்டை வாசனையே ஆகாது, சிவப்பணு கொத்துக் கொத்தா உடையும். முதல் துணி பழசா இருக்கணும்னு பெட்டியில அந்துருண்டை போட்டு வச்ச பாட்டி சேலையை எடுத்துச் சுத்தறோமே, தயவுசெஞ்சு வேண்டாம். மாநிறக் குழந்தைகளுக்குப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, பகல் வெளிச்சத்துல மூக்கு நுனியையோ நெஞ்சையோ கட்டை விரலால அழுத்தி எடுத்தா அடியில இருக்கற நிறம் ஒரு நொடி தெரியும், மஞ்சள் வயித்தைத் தாண்டி காலுக்கு இறங்கிடுச்சுன்னா நேரா ஆஸ்பத்திரி. பால் குடிக்காம தூங்கி வழிஞ்சாலும் அப்படித்தான். மூணாம் நாளுக்கும் அஞ்சாம் நாளுக்கும் நடுவுலதான் உச்சம், ரெண்டாம் நாளே டிஸ்சார்ஜ் வாங்கிட்டு வர்றவங்க ரெண்டு நாள் கழிச்சுக் காட்டிட்டு வந்துடுங்க.

இன்னொண்ணு, ரெண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகலை, மலம் வெளிறிப்போயி சுண்ணாம்பு நிறத்துல இருக்கு, மூத்திரம் துணியில மஞ்சக் கறை போடுதுன்னா அது வேற சமாச்சாரம், பித்தக்குழாய் அடைப்பா இருக்கலாம். அங்க ஈரல் தன் வேலையை முடிச்சுடுச்சு, வெளிய போற வழிதான் இல்லை, அதனால நீல லைட்டு ஒண்ணும் பண்ணாது. ஆபரேஷன் தேவைப்பட்டா 60 நாளைக்குள்ள பண்ணினா பலன் அதிகம், கீழாநெல்லி அரைச்சுக்கிட்டு நாளைக் கடத்தாதீங்க.

அந்த வாசகிக்கு, உங்க பாப்பாவுக்கு லைட்டை அணைச்ச பிறகு இன்னொரு தடவை குதிகால்ல குத்தி ரத்தம் எடுப்பாங்க, கோவப்படாதீங்க. லைட்டு நின்னதும் அளவு கொஞ்சம் திரும்ப ஏறும், எவ்வளவு ஏறுதுன்னு பார்த்துட்டுதான் வீட்டுக்கு அனுப்புவாங்க.